பிக் அண்ட் ரோல்: யாரைப் பார்த்து முடிவெடுப்பது?

கூடைப்பந்தில் பிக் அண்ட் ரோல் என்பது இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டம். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (டிரிப்பிள்) ஆட்டத்தை நடத்துபவர் கார்ட். அவரை எதிரணியின் டிஃபென்டர் ஒருவர் மறித்துக் காத்துக்கொண்டிருப்பார். அந்த டிஃபென்டரின் வழியில் கார்டின் அணியைச் சேர்ந்த சென்டர், அதாவது உயரமான ஆட்டக்காரர், வந்து அசையாமல் நிற்கிறார். அதுதான் ஸ்கிரீன், பிக் என்று சொன்னாலும் அதேதான். கார்ட் அவர் உடம்பை ஒட்டிச் சுற்றிப் போகிறார். கார்ட் கடந்ததும் சென்டர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். இது ரோல். சொல்லி முடிக்க அரை நிமிஷம் போதும். ஆனால் பள்ளி அணிகளிலிருந்து அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ வரை எல்லா இடத்திலும் ஆட்டம் இதைச் சுற்றித்தான் ஓடுகிறது.

யூட்டா ஜாஸ் அணியில் ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் 1985 முதல் 2003 வரை 18 சீசன் சேர்ந்து இதை ஆடினார்கள். என்ன வரப்போகிறது என்று எதிரணிக்கும் தெரியும், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஸ்டாக்டன் 15,806 அசிஸ்டுகளோடு (கூடை விழ வழிசெய்த பாஸ்கள்) ஓய்வு பெற்றார். என்பிஏவில் அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. மலோன் 36,928 புள்ளிகளோடு ஓய்வு பெற்றார். முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தை ஏன் தடுக்க முடியவில்லை என்றால், அதன் தொடக்கம் மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். முடிவு எதிரணி என்ன செய்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் மாறும். நீங்கள் ஒரு தடுப்பு போட்டால் அதற்கு அவர்களிடம் ஒரு பதில் இருக்கும்.

புதிதாகக் கோச்சிங் தொடங்குபவர்கள் பலர் இதை ஒரு வரைபடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இவர் இங்கே வரணும், அவர் அங்கே போகணும், பிறகு பாஸ். பிள்ளைகளும் அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். மேட்சில் டிஃபென்டர் வேறு மாதிரி நின்றதும் எல்லாம் கலைந்துவிடுகிறது. வரைபடத்தைவிட முக்கியம், எந்த ஆளைப் பார்த்து முடிவெடுப்பது என்பது. அதற்கு முன்னால் அடிப்படைகள் சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

ஸ்கிரீன் வைப்பது

ஸ்கிரீன் வைக்க வருபவர் ஓடி வர வேண்டும். சாவகாசமாக நடந்து வந்தால் அவரைக் காக்கும் டிஃபென்டரும் கூடவே வந்து, தனக்கு வசதியான இடத்தில் நின்றுகொள்வார். வேகமாக வந்தால் அந்த டிஃபென்டர் ஒன்றிரண்டு அடி பின்தங்குவார். கார்டுக்குக் கிடைக்கப்போகும் இடைவெளி அதுதான்.

வந்ததும் இரண்டு காலையும் ஒன்றாகத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். கால்கள் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக விரிந்திருக்கட்டும். முழங்கால் மடங்கியிருக்கட்டும். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்து உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளலாம். அப்போது முழங்கை வெளியே நீளாது. சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, மோதல் நடக்கும் நேரத்தில் ஸ்கிரீன் வைத்தவர் அசையாமல் இருக்க வேண்டும், இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் டிஃபென்டருக்கு முன்னாலோ பக்கத்திலோ, அவர் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தால், தொடாத வரை எவ்வளவு நெருங்கியும் நிற்கலாம். முதுகுப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தால் அவர் சாதாரணமாக ஒரு அடி எடுத்து வைக்க இடம் விட வேண்டும். அவர் ஓடிக்கொண்டிருந்தால், நிற்கவோ திசை மாற்றவோ ஒன்று முதல் இரண்டு அடி வரை இடம் தர வேண்டும்.

சின்ன அணிகளில் அடிக்கடி பார்க்கிற குறை ஒன்று உண்டு. கோச் காட்டிய இடத்தில் போய் நின்றுவிடுவார்கள். டிஃபென்டரோ ஒரு மீட்டர் தள்ளி இருப்பார். அந்த ஸ்கிரீனால் யாருக்கும் பயனில்லை. ஸ்கிரீன் வைக்க வேண்டியது ஆளுக்கு. ஆள் நகர்ந்தால் நீங்களும் நகர்ந்து, அப்புறம் நில்லுங்கள்.

நிற்கிற கோணமும் முக்கியம். ஸ்கிரீன் வைப்பவரின் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கார்ட் போவார். முதுகு சைடுலைன் பக்கம் இருந்தால் கார்ட் பக்கவாட்டில் போய், கூடையை விட்டு விலகிவிடுவார். முதுகைக் கொஞ்சம் கூடைப் பக்கம் திருப்பினால் அவருக்கு நேராக உள்ளே இறங்க வழி கிடைக்கும். இந்தச் சின்னத் திருப்பத்தைப் பல வருஷம் ஆடியவர்களே மறந்துவிடுகிறார்கள்.

கார்டின் பொறுமை

என் கணிப்பில், புதியவர்களின் பிக் அண்ட் ரோல் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். கார்ட் காத்திருப்பதில்லை. சென்டர் வருவது தெரிந்ததும் கிளம்பிவிடுகிறார். சென்டருக்கோ கால் ஊன்ற நேரமில்லை; உதவி செய்யும் ஆசையில் இடுப்பைத் தள்ளுகிறார், அல்லது ஒரு அடி பக்கவாட்டில் நகர்கிறார். விசில். ஃபவுல் சென்டர் பெயரில் எழுதப்படும், திட்டும் அவருக்கே விழும். அவசரப்பட்டவர் கார்ட். அந்த இடத்தில் கோச் பேச வேண்டியது கார்டிடம்.

கார்ட் செய்ய வேண்டியது இது. ஸ்கிரீன் வலது பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இடது பக்கம் ஒரு டிரிப்பிள் எடுத்து, போகப்போவது போல நம்பவைக்க வேண்டும். டிஃபென்டர் அந்தப் பக்கம் சாய்வார். அதற்குள் சென்டரின் கால்கள் நின்றிருக்கும். அவை நின்ற பிறகுதான் திசை மாற்றிக் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது கார்டின் தோள் சென்டரின் இடுப்பை உரசிக்கொண்டு போக வேண்டும். நடுவே ஒரு ஆள் நுழைய இடம் விட்டால் டிஃபென்டர் அதில் நுழைந்துவிடுவார், ஸ்கிரீன் வீண்.

தாண்டிய பிறகும் அவசரம் வேண்டாம். முதல் டிரிப்பிள் நீளமாக, ஸ்கிரீனை விட்டு வெளியே வர. இரண்டாவது கூடையை நோக்கி. அந்த நேரத்தில் கார்டின் டிஃபென்டர் பின்னால் துரத்திக்கொண்டிருப்பார். கார்ட் வேகத்தைச் சட்டென்று குறைத்து, அவரைத் தன் முதுகிலேயே வைத்துக்கொள்ளலாம். என்பிஏவில் கார்டாக ஆடிய கிறிஸ் பால் இதில் கெட்டிக்காரர். துரத்தி வருபவரால் முன்னால் வர முடியாது, பின்னாலிருந்து தட்டினால் ஃபவுல். ஒரு டிஃபென்டர் ஆட்டத்திலேயே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. மிச்சம் இருப்பவர் சென்டரைக் காப்பவர் மட்டும். அவருக்கு எதிரே கார்டும் சென்டருமாக இரண்டு பேர். பிக் அண்ட் ரோலின் நோக்கமே இந்த இரண்டுக்கு ஒன்று நிலைமையை உண்டாக்குவதுதான்.

ரோல்

ஸ்கிரீனைத் தாண்டி கார்ட் போனதும் சென்டர் திரும்புகிறார். கூடைக்கு அருகில் இருக்கும் காலை ஊன்றிக்கொண்டு, மற்றக் காலைப் பின்னோக்கி வீசித் திரும்ப வேண்டும். திரும்பும் நேரம் முழுக்க மார்பு பந்தின் பக்கமே இருக்க வேண்டும். பந்துக்கு முதுகு காட்டித் திரும்பினால் பாஸ் வருவதே தெரியாது. இப்படித் திரும்பும்போது கார்டின் டிஃபென்டர் சென்டரின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார். கைகளை உயர்த்திக் காட்டிக்கொண்டு கூடையை நோக்கி ஓட வேண்டும்.

எல்லா நேரமும் ரோல் செய்ய வேண்டும் என்பதில்லை. நன்றாக ஷூட் செய்யும் பெரிய ஆட்டக்காரர் கூடைப் பக்கம் ஓடாமல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே விலகி நிற்கலாம். இது பிக் அண்ட் பாப். டல்லாஸ் அணியின் டிர்க் நோவிட்ஸ்கி 7 அடி உயரம். அவர் இப்படி விலகி நின்று ஷூட் செய்வதை எட்டித் தடுக்கப் பெரும்பாலான டிஃபென்டர்களால் முடியவில்லை. 2011-ல் அந்த அணி சாம்பியன் ஆனபோது இது அவர்களின் பெரிய ஆயுதம். இன்னொரு வகை ஸ்லிப். ஸ்கிரீன் வைக்கப் போகிற மாதிரி வந்து, வைக்காமலே கூடைக்கு ஓடிவிடுவது. டிஃபென்டர்கள் இரண்டு பேரும் பந்தின் மேல் பாயத் தயாராக இருக்கும்போது இது பலிக்கும்.

டிஃபென்ஸைப் படிப்பது

இனி முக்கியமான விஷயம். கார்ட் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும், வரிசையாக. ஸ்கிரீனைத் தாண்டும் வரை தன் டிஃபென்டரை. தாண்டிய கணத்திலிருந்து சென்டரின் டிஃபென்டரை.

முதலில் தன் டிஃபென்டர். அவர் ஸ்கிரீனுக்கு மேலாக, அதாவது கார்டின் பின்னாலேயே ஒட்டித் துரத்தி வந்தால், முன்னே சொன்னபடி முதுகில் வைத்துக்கொண்டு உள்ளே போகலாம். அவர் ஸ்கிரீனுக்குக் கீழாக, கூடைப் பக்கமாகச் சுற்றி வந்தால், ஸ்கிரீனுக்குப் பின்னால் நின்று மூன்று புள்ளி ஷாட் எடுக்கலாம். ஷூட் நன்றாக வராத கார்டுக்கு எல்லா அணியும் இப்படித்தான் கீழே போகும். அப்போது சென்டர் ரோல் செய்யாமல், இரண்டடி கீழே இறங்கித் திரும்பி மறுபடி ஒரு ஸ்கிரீன் வைக்கலாம். இரண்டாவது ஸ்கிரீன் கூடைக்கு இன்னும் பக்கத்தில் இருப்பதால் அதற்குக் கீழே சுற்றிவர டிஃபென்டருக்கு இடம் குறைவு. ஸ்கிரீன் வருவதற்கு முன்பே டிஃபென்டர் அந்தப் பக்கம் தாவி நின்றுவிட்டால், கார்ட் ஸ்கிரீனைப் பயன்படுத்தவே வேண்டாம். எதிர்ப்பக்கமாகக் கூடைக்குப் போய்விடலாம்.

அடுத்து சென்டரின் டிஃபென்டர். இவர் நிற்கும் இடம்தான் எதிரணியின் திட்டத்தைச் சொல்லும்.

அவர் பின்வாங்கி, கூடைக்கு முன்னால் நின்றால் அது டிராப். ரோலையும் லே-அப்பையும் (கூடைக்கு ஓடிப்போய்ப் பக்கத்திலிருந்து போடும் ஷாட்) மறித்துவிட்டார். நடுவில் பெரிய காலியிடம் இருக்கிறது. கார்ட் ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கத்தில் நின்று ஷூட் செய்யலாம், அல்லது இன்னும் கொஞ்சம் உள்ளே போய் பந்தை அவர் கைக்கு மேலாக மிதக்க விடலாம். தன்னைத் தடுக்க அவர் ஒரு அடி முன்னால் வந்தாரா? அந்த நொடியிலேயே சென்டருக்குப் பாஸ். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறவரை அந்த ஒரு அடி எடுக்கவைப்பதுதான் கார்டின் வேலை. அவர் முடிவெடுக்கும் முன் நாம் முடிவெடுத்தால் அவருக்குத்தான் சுலபம்.

அவர் வெளியே பாய்ந்து வந்து, கார்டின் வழியை ஓரிரு நொடி மறித்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்ப ஓடினால், அது ஹெட்ஜ். புதிய கார்டுகள் இங்கே பயந்து டிரிப்பிளை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக்கூடாது. இரண்டு டிரிப்பிள் பின்வாங்கி, அவரையும் கூடவே வெளியே இழுக்க வேண்டும். அவர் திரும்பி ஓட முகம் திருப்பும்போது இடைவெளி திறக்கும்.

இரண்டு டிஃபென்டரும் சேர்ந்து கார்டை மடக்கினால் அது ட்ராப்பிங் (trap; மேலே சொன்ன டிராப் வேறு), அல்லது பிளிட்ஸ். பார்க்கப் பயமாக இருக்கும்; கணக்கு என்னவோ நமக்குச் சாதகம். பந்திடம் இரண்டு பேர் போய்விட்டால் மற்ற இடத்தில் நம்மவர் நாலு பேருக்கு எதிரே மூன்று பேர்தான். முழுதாக மடக்கப்படுவதற்கு முன் பந்து கையை விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். சென்டர் கூடை வரைக்கும் ஓடாமல் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பந்தை வாங்க வேண்டும். இதை ஷார்ட் ரோல் என்பார்கள். அங்கே பந்து வாங்கும் ஆளுக்குப் பாஸ் கொடுக்கத் தெரிந்திருந்தால் எதிரணி தொலைந்தது. 2023-ல் டென்வர் நக்கெட்ஸ் சாம்பியன் ஆனபோது ஜமால் மர்ரேயும் நிக்கோலா யோகிச்சும் ஆடியதைப் பாருங்கள். யோகிச் பந்தை வாங்கிய பிறகு மூலையில் நிற்பவர், கூடைக்கு வெட்டி ஓடுபவர், கூடை என்று எல்லாமே அவர் பார்வைக்குள் இருக்கும்.

இரண்டு டிஃபென்டரும் ஆளை மாற்றிக்கொண்டால் அது ஸ்விட்ச். இப்போது நம் கார்டை உயரமான, மெதுவான ஆள் காக்கிறார். நம் சென்டரைக் குள்ளமான ஆள் காக்கிறார். சென்டர் உடனே அந்தக் குள்ளமானவரை முதுகில் அடைத்துக்கொண்டு கூடைப் பக்கம் பந்து கேட்க வேண்டும். மூன்று விநாடி விதி நினைவிருக்கட்டும், கூடைக்கு முன்னால் கோடு போட்ட பகுதியில் (கீ) நின்றுகொண்டே இருக்க முடியாது. கார்டோ வெளியே வந்து இடம் எடுத்துக்கொண்டு, அந்த உயரமானவரை ஒற்றைக்கு ஒற்றையாகத் தாண்டப் பார்க்கலாம். புதிய அணிகள் ஸ்விட்சைப் பார்த்ததும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று பந்தை மறுபக்கம் அனுப்பிவிடுகின்றன. அவசரம் அங்கே இல்லை. ஒரு நொடி நின்று யார் யாரைக் காக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

டிவியில் மேட்ச் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு சென்டரின் டிஃபென்டரை மட்டும் ஒரு குவார்ட்டர் முழுக்கப் பாருங்கள். யாரும் சொல்லாமலே எந்த அணி என்ன திட்டத்தில் காக்கிறது என்று பிடிபட ஆரம்பிக்கும்.

மற்ற மூன்று பேர்

இரண்டு பேர் ஆடும் ஆட்டம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். மற்ற மூன்று பேர் தப்பான இடத்தில் நின்றால் அந்த இரண்டு பேராலும் ஒன்றும் செய்ய முடியாது. மூவரும் கூடைக்குப் பக்கத்தில் நெருங்கி நின்றால் அவர்களைக் காப்பவர்களும் அங்கேயே இருப்பார்கள். ரோல் செய்து வரும் சென்டரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். அதனால் இரண்டு பேர் இரண்டு மூலைகளில், ஒருவர் பந்துக்கு எதிர்ப்பக்கத்தில் கோட்டுக்கு வெளியே. தொடக்கத்துக்கு இது போதும்.

சென்டர் உள்ளே ஓடி வரும்போது எதிர்ப்பக்க மூலையைக் காப்பவர் நடுவே வந்து அவரை ஒரு இடி கொடுத்துத் தடுக்கப் பார்ப்பார். இதற்கு டேக் என்று பெயர். அவர் வந்தால் மூலையில் இருக்கும் நம் ஆள் தனியாக நிற்கிறார் என்று அர்த்தம். கார்ட் பார்க்க வேண்டிய மூன்றாவது ஆள், டேக் செய்ய வரும் இந்த டிஃபென்டர். மூலை ஷாட்டுக்கு ஒரு வசதியும் உண்டு: ஃபிபா மைதானத்தில் மூன்று புள்ளிக் கோடு நேர் எதிரே 6.75 மீட்டர் தூரம், மூலையில் 6.60 மீட்டர். என்பிஏவில் வித்தியாசம் இன்னும் அதிகம், 7.24 மீட்டர் மூலையில் 6.71 ஆகக் குறைகிறது. மூலையில் நிற்பவர் கால் கோட்டை மிதிக்காமல், கை தயாராக நிற்க வேண்டும். பந்து வந்த பிறகு தயாரானால் டிஃபென்டர் ஓடி வந்துவிடுவார்.

பயிற்சியில் எப்படிக் கொண்டுவருவது

எதிராளி இல்லாமல் இரண்டு பேர் மட்டும் ஸ்கிரீன், ரோல், பாஸ் என்று செய்வது காலடியும் கோணமும் கற்க உதவும். அதற்குப் பத்து நிமிஷம் போதும். அதிலேயே ஒரு மணி நேரம் போனால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஆடப் பழகிவிடுவார்கள்.

அடுத்து இரண்டுக்கு ஒன்று. கார்டின் டிஃபென்டர் இல்லை, சென்டரின் டிஃபென்டர் மட்டும். அவர் கார்டிடம் வரலாம், சென்டரோடு போகலாம். கார்ட் அதைப் பார்த்து லே-அப் போகலாம், பாஸ் கொடுக்கலாம். மேலே சொன்ன எல்லாவற்றின் சாரமும் இந்த ஒரு டிரில்லில் இருக்கிறது, புதிய கோச்சுகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். பிறகு இரண்டுக்கு இரண்டு. கோச், அட்டாக் செய்பவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு விரல் காட்டட்டும்: ஒரு விரல் என்றால் டிராப், இரண்டு என்றால் ஹெட்ஜ், மூன்று என்றால் ஸ்விட்ச். டிஃபென்டர்களுக்கு மட்டும் அது தெரியும். கார்ட் அவர்கள் நிற்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதியவர்களுக்கு முதல் வாரம் டிராப் ஒன்றே இருக்கட்டும். அது தடுமாறாமல் வந்த பிறகு அடுத்ததைச் சேர்க்கலாம்.

அப்புறம் மூன்றுக்கு மூன்று, மூலையில் ஒரு ஷூட்டரோடு. இப்போது டேக் செய்ய வருபவரும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறார். ஷாட் விழுந்ததா என்பதை வைத்து இந்தப் பயிற்சிகளை எடைபோடாதீர்கள். சரியான ஆளுக்குப் பந்து போய், அவர் தவறவிட்டால் அது நல்ல ஆட்டம்தான். தப்பான முடிவில் பந்து விழுந்தால் அப்போதே நிறுத்திக் கேளுங்கள்: "சென்டரோட ஆள் எங்கே நின்னான்?" பதில் சொல்லத் தெரியாவிட்டால் அவன் பார்க்கவில்லை. மறுபடி ஒரு தடவை.

பந்து இல்லாத இடத்து ஸ்கிரீன்

பந்து வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, பந்து வாங்க வேண்டியவருக்கும் ஸ்கிரீன் வைக்கலாம். கூடைப் பக்கம் இருக்கும் ஷூட்டரை வெளியே கொண்டுவர, மேலிருந்து ஒருவர் இறங்கி வந்து வைப்பது டவுன் ஸ்கிரீன். வெளியே இருப்பவரைக் கூடைக்கு அனுப்ப அவர் டிஃபென்டரின் முதுகுப் பக்கம் வைப்பது பேக் ஸ்கிரீன். இங்கேயும் முடிவு டிஃபென்டரின் கையில். டவுன் ஸ்கிரீனில் அவர் ஷூட்டரை ஒட்டித் துரத்தினால், ஷூட்டர் ஸ்கிரீனைச் சுற்றி வளைந்து கூடைக்கு ஓடலாம். ஸ்கிரீனுக்கு மறுபக்கமாகக் குறுக்கே புகுந்து வந்தால், ஷூட்டர் விலகி மூலைப் பக்கம் போய்ப் பந்து வாங்கலாம். ஸ்கிரீன் வைத்தவரையும் மறக்க வேண்டாம். ஷூட்டருக்காக இரண்டு டிஃபென்டரும் குழம்பும் நேரத்தில் பெரும்பாலும் தனியாக நிற்பது அவர்தான்.

இரண்டு வகையும் சேர்ந்ததுதான் ஸ்பெயின் பிக் அண்ட் ரோல். அந்த நாட்டுத் தேசிய அணியின் ஆட்டத்திலிருந்து வந்த பெயர். சென்டர் ஸ்கிரீன் வைத்து ரோல் செய்யும்போது, டிராப்பில் பின்வாங்கி நிற்கும் அவருடைய டிஃபென்டருக்கு மூன்றாவது ஆள் ஒருவர் பேக் ஸ்கிரீன் வைத்துவிட்டு, தானே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஓடுகிறார். டிராப் ஆடும் அணிகளுக்கு இது பெரிய தலைவலி. ஆனால் மூன்று பேரின் நேரமும் ஒத்துப்போக வேண்டும், பேக் ஸ்கிரீன் என்பதால் ஒரு அடி இடம் விடவும் வேண்டும். மூன்றுக்கு மூன்றில் டேக் செய்ய வருபவரைப் பார்த்துப் பாஸ் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்ட அணிக்கு இதைக் கொடுங்கள்; அதற்கு முன்னால் வேண்டாம்.